கொட்டேஷனில் கடைசி எழுத்தை வாசியுங்கள்: கொழும்பில் முதல் கேமிங் கணினிக்குப் பாகங்கள் தெரிவு செய்தல்

சென்ற மாதம் அக்காவின் மகன் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு பின்னேரம் முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்கி, நான்கு கொட்டேஷன்களோடு வீட்டுக்கு வந்தான். நான்கிலும் ஒரே சாமான்கள்தான் என்பது அவனுடைய கணக்கு: ரைசன் 5600 புரொசெஸர், 16 ஜிபி ரேம், 3050 கிராபிக்ஸ் கார்ட், 500 வாட் பவர் சப்ளை. ஆனால் மிக மலிவானதற்கும் மிக விலை கூடியதற்கும் இடையே ஐம்பதாயிரம் ரூபாய் வித்தியாசம். "மாமா, மலிவான கடையிலேயே எடுப்போமா?" என்று கேட்டான்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள்களை வாசித்தேன். முதல் தாளில் 5600க்குப் பின்னால் சின்னதாக ஒரு 'ஜி' ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் 3050க்குப் பக்கத்தில் 6 ஜிபி. மூன்றாவதில் 16 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தது. நான்காவதில் மட்டும்தான் பவர் சப்ளைக்கு ஒரு கம்பனிப் பெயர் இருந்தது. மற்ற மூன்றிலும் அது 'கேசிங்கோடு வரும்'. நான்கு தாள்களிலும் இருந்தவை நான்கு வேறு கணினிகள்.

முதல் கணினி வாங்குகிறவர் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எண்ணை வாசித்துவிட்டு அதற்குப் பின்னால் வரும் எழுத்தை விட்டுவிடுகிறார். ஆகவே எந்தப் பாகத்தை வாங்கலாம் என்று சொல்வதோடு, எந்த எழுத்து எதை மாற்றுகிறது என்றும் கூடவே சொல்லிக்கொண்டு போகிறேன். ரூபாய்க் கணக்கில் விலை எழுதப் போவதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 203 ரூபாயாக இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பாகங்கள் எல்லாமே இறக்குமதி; 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரியும் 18 சதவீதம். விலையை அன்றன்று கடையில்தான் கேட்க வேண்டும். நான் சொல்வது விகிதம்.

முதலாம் படி: எதை விளையாடப் போகிறீர்கள், எந்தத் திரையில்?

கிராபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்காதீர்கள். மொனிட்டரிலிருந்து தொடங்குங்கள். 24 அங்குலம், 1920க்கு 1080 என்ற அளவில் ஐபிஎஸ் வகை (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத) திரை ஒன்று முதல் கணினிக்குப் போதும். அதற்கு மேல் 1440 அளவுக்குப் போனால் கார்ட் தள்ள வேண்டிய புள்ளிகள் ஏறத்தாழ 1.8 மடங்காகும், அந்தச் செலவு கார்டின் தலையில் வந்து விழும்.

விளையாட்டுகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வலொரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்றவை ஒரு பக்கம். இவற்றுக்குக் கார்டைவிட புரொசெஸரின் வேகமும் திரையின் ஹெர்ட்ஸும் (செக்கனுக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது) முக்கியம். 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் திரையில் விளையாடிப் பழகிய பிறகு 60க்குத் திரும்புவது கடினம். மறுபக்கம் கதை சொல்லும் பெரிய விளையாட்டுகள். அவற்றில் செக்கனுக்கு 60 பிரேம் (படம்) வந்தாலே மனம் நிறையும், ஆனால் கார்டும் அதன் நினைவகமும் பலமாக இருக்க வேண்டும். மருமகன் வலொரன்ட் பக்கம். அவனுக்கு முதலில் நல்ல திரை, பிறகுதான் கார்ட் என்று முடிவெடுத்தோம். நீங்கள் மறுபக்கம் என்றால் 75 அல்லது 100 ஹெர்ட்ஸ் திரையை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கார்டில் போடுங்கள்.

இரண்டாம் படி: நூறு ரூபாயைப் பிரிப்பது

பெட்டிக்குள் போகிறவற்றுக்கு மட்டும் நூறு ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய பங்கீடு இப்படி இருக்கும்: கார்டுக்கு 38, புரொசெஸருக்கு 16, மதர்போர்டுக்கு 12, ரேமுக்கு 11, பவர் சப்ளைக்கு 9, எஸ்எஸ்டிக்கு (விளையாட்டுகளைச் சேமிக்கும் பாகம்) 8, கேசிங்குக்கு 6. ஒன்றிரண்டு ரூபாய் அங்குமிங்கும் போகலாம். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகத் தொடங்கியதில் ரேம் விலை உலகமெங்கும் ஏறியது. அந்த 11 இப்போது 15 ஆகலாம். அப்படியானால் கேசிங்கிலும் மதர்போர்டிலும் வெட்டுங்கள். பவர் சப்ளையில் வெட்டக்கூடாது. ஏன் என்பதற்கு ஒரு கதையே இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இந்த நூறுக்கு வெளியே மொனிட்டர், கீபோர்ட், மவுஸ், ஹெட்போன், யுபிஎஸ் (மின்சாரம் போனால் சில நிமிடம் தாங்கும் பற்றரிப் பெட்டி) என்று ஒரு வரிசை நிற்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் இதை மறந்துவிட்டு முழுப் பணத்தையும் பெட்டிக்குள் கொட்டிவிடுவார்கள். பிறகு வரவேற்பறைத் தொலைக்காட்சியில் கணினியைச் செருகி, நாடகம் பார்க்கும் நேரத்தில் அம்மாவோடு சண்டை.

மூன்றாம் படி: கிராபிக்ஸ் கார்ட்

பொறிகள் அதிகம் புதைந்திருப்பது இங்கேதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

குறைந்த செலவுக்காரர்களின் நம்பிக்கையான கார்ட் என்றால் நான் இன்னமும் ஆர்எக்ஸ் 6600ஐத்தான் சொல்வேன். 2021 ஒக்டோபரில் வந்தது. 8 ஜிபி நினைவகம். 132 வாட் மட்டுமே எடுக்கும். எட்டு முள் மின்கம்பி ஒன்று போதும். 1080 அளவில் பெரும்பாலான விளையாட்டுகளை நடுத்தர, உயர் அமைப்புகளில் இலகுவாக ஓட்டும். புதிதாகக் கிடைத்தால் நல்லது, நல்ல நிலையில் பழையதாகக் கிடைத்தாலும் நல்லது. கொஞ்சம் மேலே போக முடிந்தால் ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, அதன் அடுத்த தலைமுறையான ஆர்டிஎக்ஸ் 5060 ஆகியவற்றில் அன்றைக்கு எது மலிவோ அது. 4060 வெறும் 115 வாட் எடுக்கிறது. வெப்பமும் மின் கட்டணமும் கணக்கில் வரும் ஊரில் அது சின்ன விடயமல்ல.

இனி எழுத்துகளுக்கு வருவோம்.

ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் இரண்டு கார்டுகள் உலவுகின்றன. 2022இல் வந்தது 8 ஜிபி. 2024 பெப்ரவரியில் வந்தது 6 ஜிபி. நினைவகம் 2 ஜிபி குறைந்ததுதான் வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே கணக்குப் போடும் கருக்கள் 2560இலிருந்து 2304ஆகக் குறைந்தன, நினைவகத்துக்குப் போகும் பாதையும் ஒடுங்கிவிட்டது. விலைக் குறைவு நியாயமாக இருந்தால் பரவாயில்லை. பெயர் ஒன்றுதானே என்று 8 ஜிபி விலைக்கு வாங்கினால் நட்டம். ஆனாலும் 6 ஜிபி கார்டுக்கு ஒரு தனித் திறமை உண்டு: 70 வாட்தான் எடுக்கும் என்பதால் தனி மின்கம்பியே வேண்டாம். இது பின்னர் ஓரிடத்தில் உதவும்.

ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படுகிறவற்றில் பல '2048 எஸ்பி' வகை. 2017இல் வந்த அசல் 580இல் 2304 கருக்கள், இதில் 2048. பெட்டியில் அந்த எண் சின்ன எழுத்தில் இருக்கும், சில வேளைகளில் இருக்காது. அசலோ இல்லையோ, இந்த வயதில் 580க்கு நான் புது விலை கொடுக்க மாட்டேன்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பெயரால் 6600க்குத் தம்பி போலத் தெரியும். 4 ஜிபி நினைவகம், மதர்போர்டோடு பேசுவதற்கு நான்கே நான்கு பாதைகள். மூன்றாம் தலைமுறை பிசிஐ பாதை உள்ள மதர்போர்டில் போட்டால் மூச்சுத் திணறும். தவிர்த்துவிடுங்கள்.

2024 டிசம்பரில் இன்டெல் கொண்டுவந்த ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி நினைவகம். அமெரிக்காவில் 249 டொலருக்கு வந்ததால் ஆசை காட்டும். இரண்டு நிபந்தனைகள் உண்டு. மதர்போர்டில் 'ரீசைசபிள் பார்' என்ற வசதி இயங்க வேண்டும், இல்லாவிட்டால் வேகம் சரிந்துவிடும். அத்தோடு ரைசன் 5 5600 போன்ற நடுத்தர புரொசெஸரோடு சேர்த்தபோது சில விளையாட்டுகளில் இந்தக் கார்ட் தன் முழுப் பலத்தைக் காட்டவில்லை. மலிவான கணினிக்கென்று வந்த கார்ட் விலை கூடிய புரொசெஸரைக் கேட்டால் என்ன செய்வது?

நான்காம் படி: புரொசெஸரும் மதர்போர்டும்

இவை இரண்டும் சோடி. தனித்தனியாகத் தீர்மானிக்க முடியாது.

ஏஎம்டி கம்பனியின் பக்கத்தில் ரைசன் 5 5600. ஆறு கரு (கோர்), பன்னிரண்டு இழை (த்ரெட்), 65 வாட், ஏஎம்4 சொக்கெட் (மதர்போர்டில் அது உட்காரும் இடம்). 5600ஜி என்பது அதன் அண்ணனும் அல்ல, மேம்பட்ட வடிவமும் அல்ல. அதற்குள் சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது. அதற்கு இடம்விட உள் நினைவகம் 32 எம்பியிலிருந்து 16 எம்பியாகப் பாதியாயிற்று, பிசிஐ பாதையும் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிட்டது. தனிக் கார்ட் வாங்குகிறவருக்கு 'ஜி' தேவையில்லை. ஆனால் கார்டுக்குப் பணம் சேர இன்னும் ஆறு மாதம் ஆகும், அதுவரை டோட்டாவும் வலொரன்டும் போதும் என்கிறவருக்கு 5600ஜி நல்ல தொடக்கம். அந்த வழியில் போனால் ரேம் கட்டாயம் இரண்டு குச்சிகளாக இருக்க வேண்டும். உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது. ரேமைத்தான் கடன் வாங்குகிறது.

இன்டெல் பக்கத்தில் ஐ5-12400எஃப். இதுவும் ஆறு கரு, பன்னிரண்டு இழை. இன்னும் இறுக்கமென்றால் ஐ3-12100எஃப்; நான்கு கருதான், ஆனாலும் பெயருக்கு மேலாக உழைக்கும். கடைசியில் இருக்கும் 'எஃப்' என்ற எழுத்துக்கு உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். கார்ட் இருக்கும்வரை கவலையில்லை. கார்ட் பழுதாகித் திருத்தக் கொடுத்தால் அது வரும்வரை கணினி இருட்டில் இருக்கும். அந்த எழுத்துக்கு ஓரளவு விலை குறைகிறது. நான் என்றால் அதைச் சேமித்துக்கொள்வேன்.

புதிய ஏஎம்5 சொக்கெட்டில் 7500எஃப் போன்றவற்றுக்குப் போகலாமா? நாளைக்குப் புரொசெஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் பலம். ஆனால் அதற்கு டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம்தான் பொருந்தும், மதர்போர்டும் விலை கூட. ரேம் விலை ஏறிக்கிடக்கும் காலத்தில் முதல் கணினிக்கு நான் ஏஎம்4 பக்கமே நிற்பேன். மூன்று நான்கு வருடம் கழித்து மாற்றும்போது எல்லாமே மாறியிருக்கும்.

மதர்போர்டில் தேவையில்லாத அலங்காரத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். 5600க்கு பி550 நல்லது. பி450 எடுப்பதானால் பயோஸை (போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருளை) புதுப்பித்துத் தரும்படி கடையிலேயே கேளுங்கள். பழைய பயோஸோடு வந்தால் அந்த போர்ட் 5600ஐ அடையாளம் காணாது. 12400எஃப்க்கு எச்610 அல்லது பி660, பி760. இங்கேயும் ஒரு எழுத்துப் பொறி இருக்கிறது. ஒரே பெயருள்ள இன்டெல் போர்டில் 'டி4' என்று முடிவது டிடிஆர்4 ரேமுக்கு, அது இல்லாதது பெரும்பாலும் டிடிஆர்5க்கு. இரண்டின் பள்ளங்களும் வேறு. மாறி வாங்கினால் செருகவே முடியாது. எச்610 போர்டில் ரேமுக்கு இரண்டு இடம்தான் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

ரவுட்டர் வரவேற்பறையிலும் உங்கள் மேசை கடைசி அறையிலும் இருக்கிறதா? மலிவான போர்டுகளில் வைஃபை இருக்காது. முடிந்தால் சுவரோரமாக ஒரு லேன் கம்பியை இழுத்துவிடுங்கள். மும்பை, சிங்கப்பூர் சேர்வர்களோடு விளையாடும் நமக்குக் கடல் தாண்டும் தாமதம் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுக்குள் வைஃபை தடுமாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளத் தேவையில்லை.

ஐந்தாம் படி: ரேமும் எஸ்எஸ்டியும்

16 ஜிபி, டிடிஆர்4, 3200 வேகம், இரண்டு 8 ஜிபி குச்சிகள். ஒற்றை 16 ஜிபி குச்சி போட்டால் இரண்டு வழிப் பாதையில் ஒன்றை மூடிவிட்டு வாகனம் ஓட்டுவது போல. விளையாட்டில் பிரேம் குறைவது கண்ணுக்குத் தெரியும். "பிறகு இன்னொன்று போடலாம் தம்பி" என்று கடைக்காரர் சொல்வார். அந்தப் பிறகு வருவதில்லை.

எஸ்எஸ்டி எம்.2 என்விஎம்இ (வேகமான) வகையில் 500 ஜிபி குறைந்தபட்சம், முடிந்தால் 1 டெரா. இங்கும் பெயரை வாசியுங்கள்: எம்.2 என்பது வடிவம் மட்டுமே. எம்.2 வடிவத்தில் மெதுவான சாட்டா வகையும் விற்கிறார்கள். கோல் ஆஃப் டியூட்டி மட்டுமே 100 ஜிபிக்கு மேல் விழுங்கிவிடும். அதைத் தரவிறக்குமுன் உங்கள் இணைப்பின் மாதாந்த டேட்டா அளவையும் பாருங்கள். இரவு நேரத்துக்குத் தனி டேட்டா இருக்கும் திட்டமென்றால் தூங்கப் போகுமுன் போட்டுவிடலாம்.

ஆறாம் படி: பவர் சப்ளையும் சுவரில் வருகிற மின்சாரமும்

சொன்ன கதை இதுதான். என் முதல் கணினியை ஒரு கடையில் 'கேசிங்கோடு 500 வாட் இலவசம்' என்று வாங்கினேன். இலவசம் என்ற சொல்லில் மயங்கிய வயது. ஒக்டோபர் மாதத்துப் பின்னேர இடிமின்னலில் மின்சாரம் போய், வந்து, மறுபடியும் போய் வந்தது. மூன்றாம் முறை வந்தபோது பெட்டிக்குள் 'டப்' என்றொரு சத்தம், பிறகு கருகிய மணம். பவர் சப்ளை தனியாகச் சாகவில்லை. மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போயிற்று. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ரசீதின் அடியில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்கள்: மின்னல், மின் ஏற்ற இறக்கம், எரிந்த அடையாளம் ஆகியவற்றுக்கு உத்தரவாதம் கிடையாது. வாங்கிய அன்று நான் வாசிக்காத வரி. அதன் பிறகுதான் எழுத்துகளை வாசிக்கத் தொடங்கினேன்.

கொழும்பில் இடிமின்னல் உச்சம் பெறுவது இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலங்களில், அதாவது மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும். மின்னல் இல்லாத நாளிலும் நிம்மதி இல்லை. 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டைப் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு குரங்கு பாணந்துறை துணை மின்நிலையத்துக்குள் புகுந்ததாக அமைச்சரே சொல்ல, நாடே இருளில் கிடந்தது. இப்படிப்பட்ட சுவரில் செருகப் போகும் கருவிக்கு நூற்றுக்கு 9 ரூபாய் அதிகமா?

550 வாட், பெயர் தெரிந்த தயாரிப்பாளர், 80 பிளஸ் புரோன்ஸ் (வெண்கலத் தரம்), ஐந்து வருட உத்தரவாதம் இருந்தால் சிறப்பு. 80 பிளஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரை மட்டுமே. பாதுகாப்புக்கான சான்றிதழ் அல்ல. ஆகவே பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையை வாசியுங்கள். 12 வோல்ட் என்ற நிரலில் எத்தனை அம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 42 அம்பியர் என்றால் 504 வாட். 550 வாட் பெட்டிக்கு அது நேர்மையான எண். 500 வாட் என்று முகப்பில் எழுதியிருக்கும் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 20 அம்பியர் என்று இருந்தால், உங்கள் கையில் இருப்பது 240 வாட் பெட்டி. கார்டும் புரொசெஸரும் உயிர்வாழ்வது அந்த 12 வோல்ட்டில்தான்.

செருகியையும் கவனியுங்கள். பவர் சப்ளையோடு வரும் கம்பி சில வேளைகளில் வட்ட முள் ஐரோப்பிய வகையாக இருக்கும். அதை அடப்டர் வழியாக நம்முடைய 13 அம்பியர் சதுரத் துளையில் சொருகினால் இயங்கும், ஆனால் எர்த் இணைப்பு விட்டுப்போகக்கூடும். கேசிங்கைத் தொடும்போது விரலில் சுரீரென்று மெல்லிய அதிர்ச்சி வந்தால் காரணம் அனேகமாக இதுதான். ஃபியூஸ் உள்ள 13 அம்பியர் கம்பி ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள், பெரிய விலையில்லை. பழைய வீடுகளில் துளைக்குள்ளேயே எர்த் கம்பி இல்லாமல் இருப்பதும் உண்டு. ஒரு மின்வினைஞரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ என்ற எண்ணை வாட் என்று எண்ணி ஏமாறாதீர்கள். 650 விஏ பெட்டி பெரும்பாலும் 360 முதல் 390 வாட் வரைதான் தாங்கும். 5600, ஆர்எக்ஸ் 6600, ஒரு மொனிட்டர் எல்லாம் சேர்ந்து விளையாடும்போது 300 வாட்டை ஒட்டி வரும். தாங்கும், ஆனால் மின்சாரம் போனபிறகு தொடர்ந்து விளையாட அல்ல. சேமித்துவிட்டு ஒழுங்காக மூடுவதற்குத்தான் அந்தச் சில நிமிடங்கள். நல்ல மின்னல் வெட்டும்போது யுபிஎஸ்ஸை நம்பி உட்காராமல் செருகியையும் ரவுட்டர் கம்பியையும் கழற்றிவிடுங்கள். பாட்டி தொலைக்காட்சிக்குச் செய்தது அதுதான். இன்றைக்கும் அதைவிட நல்ல வழி இல்லை.

ஏழாம் படி: கேசிங்

முன்பக்கம் வலை, 120 மில்லிமீற்றர் விசிறிகள் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. வானவில் விளக்கும் மூடிய கண்ணாடி முகப்பும் உள்ள பெட்டிகள் கடையின் குளிரூட்டிய கூடத்தில் அழகாகத்தான் இருக்கும். உங்கள் அறையில் மத்தியானம் 31 பாகை. உள்ளே போகிற காற்றே சுடுகாற்று. கார்டின் நீளத்தைக் கேசிங்கின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளவத்தையில் கடற்கரையோரத் தொடர்மாடிகளில் இருப்பவர்கள் கணினியைக் கடல் பக்கத்து யன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். உப்புக் காற்று திருகாணிகளில் தொடங்கி செருகு வாய்களைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவுக்கும் உத்தரவாதம் கிடையாது, அதே ரசீதில் அதே சின்ன எழுத்தில்.

எட்டாம் படி: பழைய சாமான் வாங்கலாமா?

வாங்கலாம், சிலவற்றை. புரொசெஸர் பெரும்பாலும் சாவதில்லை. ரேமும் பரவாயில்லை. பவர் சப்ளை ஒருபோதும் வேண்டாம். கார்ட் என்றால் கண்ணால் பார்த்து, இயக்கிப் பார்த்து. எதீரியம் என்ற மெய்நிகர் நாணயம் 2022 செப்டெம்பரில் முறையை மாற்றியதோடு கார்டுகளை வைத்து அதைத் தோண்டும் தொழில் படுத்துவிட்டது. இரவு பகலாக உழைத்த அந்தக் கார்டுகள் சந்தைக்கு வந்தன. உழைத்த கார்ட் என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. விற்பவர் வீட்டில் அரை மணிநேரம் ஒரு கனமான விளையாட்டை ஓட்டச் சொல்லுங்கள். விசிறி கரகரக்கிறதா, திரையில் புள்ளிகள் சிதறுகின்றனவா என்று பாருங்கள். ஜிபியு-இசட் என்ற இலவசச் செயலியைத் திறந்து கார்டின் பெயரும் கருக்களின் எண்ணிக்கையும் சொன்னபடி இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பழைய சில்லுக்குப் புதுப் பெயர் எழுதி விற்கும் போலிக் கார்டுகளை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். மின்சாரம் இல்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றால் பணமும் நாளைக்கு.

அலுவலகங்கள் கழித்துவிட்ட பிராண்ட் கணினிகள் கொழும்பில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, ஐ7 மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காது. விண்டோஸ் 11இல் வலொரன்ட் விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கட்டாயம். ஆகவே ஐ5-8500 போன்ற எட்டாம் தலைமுறை தேடுங்கள். அத்தகைய பெட்டியின் பவர் சப்ளை தனி வடிவம், மாற்றுவது தொல்லை, கார்டுக்கான மின்கம்பியும் அனேகமாக இருக்காது. முன்பு சொன்ன 70 வாட் 3050 6 ஜிபி இங்கேதான் கைகொடுக்கும். பெட்டி ஒல்லியானதென்றால் அந்தக் கார்டில் அரை உயர வடிவமும் உண்டு. மிகக் குறைந்த பணத்தில் தொடங்குகிறவருக்கு இது கௌரவமான வழி.

ஒன்பதாம் படி: கடைக்குப் போகும் நாள்

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் எடுங்கள், அல்லது கரையோர ரயிலில் பம்பலப்பிட்டியில் இறங்குங்கள். திரும்பும்போது மட்டும் முச்சக்கர வண்டி. மொனிட்டர் பெட்டியோடு பஸ்ஸில் ஏறி நடத்துநரின் முகத்தைப் பார்க்கும் துணிவு எனக்கில்லை. வார நாள் காலையில் போனால் கடைக்காரர் உங்களோடு பேச நேரம் இருக்கும்.

கொட்டேஷனை இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, ஒவ்வொரு சாமானுக்கும் கம்பனிப் பெயரும் முழு மொடல் இலக்கமும் எழுதித் தாருங்கள்." முகம் சுளிக்காமல் எழுதித் தருகிறவரிடம் ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் நான் வாங்குவேன். பிறகு அந்தத் தாளை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு கடைகளில் அதே இலக்கங்களுக்கு விலை கேளுங்கள். இப்போதுதான் ஒப்பீடு ஒப்பீடாக இருக்கும். காசாகக் கொடுத்தால் ஒரு விலை, வங்கிக் கார்டில் தேய்த்தால் ஒரு விலை என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். உத்தரவாதத்திலும் கணக்கு உண்டு: ஒரு வருடம் என்பதை 350 நாள் என்றும், மூன்று வருடம் என்பதைப் பதினான்கு வேலைநாள் குறைத்தும் எழுதும் கடைகள் இருக்கின்றன. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், எழுதித்தான் இருக்கிறது. பழுதானால் அந்தக் கடையே பொறுப்பேற்கிறதா, இறக்குமதியாளரிடம் நீங்களே போக வேண்டுமா என்பதுதான் அதைவிட முக்கியமான கேள்வி.

கடைசிப் படி: பூட்டுவதும் முதல் இரவும்

பூட்டும் வேலையைக் கடையில் செய்து தருவார்கள். முதல் தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். தாளில் இருந்த இலக்கமும் பெட்டியில் இருக்கும் இலக்கமும் ஒன்றா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க அதுவே சந்தர்ப்பம்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். மொனிட்டர் கம்பியைக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. மருமகன் அன்றிரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் அழைத்து "மாமா, திரை கறுப்பாகவே இருக்கிறது" என்று குரல் உடைந்து சொன்னான். கொட்டேஷன் எல்லாம் திருத்திக் கடைசியில் அவன் வாங்கியது 12400எஃப். உள்ளே கிராபிக்ஸ் இல்லாத அதற்கு மதர்போர்டின் வாயில் கம்பியைச் சொருகியிருந்தான். அடுத்து பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை) இயக்குங்கள். இல்லாவிட்டால் 3200 என்று காசு கொடுத்த ரேம் 2133இலோ 2666இலோ ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸின் திரை அமைப்பில் ஹெர்ட்ஸை மாற்றுங்கள். 165 ஹெர்ட்ஸ் மொனிட்டரை இரண்டு வருடம் 60இலேயே வைத்து விளையாடிய ஒருவரை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம், அவர் இப்போதும் வெட்கப்படுகிறார். பிறகு ஒரு மணிநேரம் கனமான விளையாட்டொன்றை ஓட்டி வெப்பத்தைப் பாருங்கள். கார்ட் 80 பாகை வரை போனால் நம் ஊர் அறைக்கு அது வழமை.

பெட்டிகளையும் அதற்குள் இருந்த தக்கைகளையும் எறிந்துவிடாதீர்கள். உத்தரவாதத்துக்குக் கொண்டுபோகும்போது பெட்டியோடு வா என்பார்கள். ரசீதைக் கைப்பேசியில் படம் பிடித்தும் வையுங்கள், அந்த வெப்பத்தாள் ஒரு வருடத்தில் வெளிறிவிடும். அலுமாரிக்கு மேலே இந்த வெற்றுப் பெட்டிகளை எவ்வளவு காலம் அடுக்கி வைத்திருக்கப் போகிறாய் என்று அம்மா கேட்டால், மூன்று வருடம், அதில் பதினான்கு வேலைநாள் குறைவு என்று சொல்லுங்கள்.